ஊருக்கொரு படி

கேரளத்தில் நோயாளிகள் அதிகமா, பிகாரிலா? யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பிகார் என்பார்கள். எழுத்தறிவு, தாய்சேய் நலம், ஆயுள் என்று எதை எடுத்தாலும் கேரளம் முன்னே நிற்கிறது. பிகார் வெகுவாகப் பின்தங்கியிருக்கிறது. ஆனால் வீடு வீடாகப் போய், "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா?" என்று கேட்டு எழுதிய கணக்கு தலைகீழாக இருந்தது. நோய் உண்டு என்று சொன்னவர்கள் இந்திய மாநிலங்களிலேயே கேரளத்தில்தான் மிக அதிகம். பிகாரில் மிகக் குறைவு. பொருளியலாளர் அமர்த்தியா சென் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்த முரணை எடுத்துக்காட்டினார். அமெரிக்கர்களையும் ஒப்பிட்டார். அதே நோய்களைப் பற்றிக் கேட்டபோது அவர்கள் கேரளத்தாரையும் மிஞ்சிவிட்டார்கள்.

இதைவிட மனத்தை உறுத்தும் கணக்கு ஒன்றையும் சென் பல இடங்களில் குறிப்பிட்டிருக்கிறார். 1944ஆம் ஆண்டு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம். கல்கத்தாவிலிருந்த அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம், பக்கத்திலுள்ள சிங்கூரில் மக்களின் உடல்நிலையை விசாரித்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 விழுக்காடு. பஞ்சகாலத்து வங்கத்தில் கைம்பெண்கள் என்ன நிலையில் இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. தனக்கென்று ஒரு நலம் உண்டு, அது குறைந்தால் வாய்விட்டுச் சொல்லலாம் என்ற எண்ணமே இல்லாத இடத்தில் வாழ்ந்தவர்கள், கேட்ட கேள்விக்குத் தங்கள் அளவில் உண்மையான பதிலைத்தான் சொன்னார்கள்.

உடம்பைப் பற்றிய கேள்வியிலாவது பதிலைச் சரிபார்க்க வழியிருக்கிறது. மருத்துவர் சோதித்துப் பார்க்கலாம். இறப்புப் பதிவேட்டைப் புரட்டலாம். "அரசு உங்கள் பேச்சைக் கேட்கிறதா?", "பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா?", "கணவன் மனைவியை அடிப்பது சரியா?" என்ற கேள்விகளுக்கு அப்படிப்பட்ட சோதனைச்சாலை கிடையாது. மனிதர் சொல்லும் பதில்தான் ஒரே சான்று. சமூகவியலார் இவற்றை மனப்பான்மைக் கேள்விகள் என்கிறார்கள். 1981இல் தொடங்கி, ரொனால்ட் இங்கிள்ஹார்ட்டின் முயற்சியால் வளர்ந்த உலக விழுமியக் கணக்கெடுப்பு இத்தகைய கேள்விகளை நூறுக்கு மேற்பட்ட நாடுகளில் கேட்டிருக்கிறது. அந்த விடைகளிலிருந்துதான் எந்த நாட்டில் மகிழ்ச்சி அதிகம், எந்த நாட்டில் சகிப்புத்தன்மை குறைவு என்ற தரவரிசைகள் நாளிதழ்களுக்கு வருகின்றன.

மெட்ரிக் அளவு வருவதற்கு முன் நம்மூர்ச் சந்தைகளில் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். ஓர் ஊரில் சின்னப் படி, இன்னோர் ஊரில் பெரிய படி, வேறோர் ஊரில் வேறொரு அளவு. இந்த ஊரில் ஐந்து படி நெல் விளைந்தது, அந்த ஊரில் நான்கு படி என்று கேட்ட மாத்திரத்தில் எந்த ஊரில் விளைச்சல் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. மனப்பான்மைக் கணக்கெடுப்பிலும் எண்கள் நம் கைக்கு வருகின்றன. அளந்த படி வருவதில்லை. அது பதில் சொன்னவரின் மனத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறது. நெல் வியாபாரிக்கு இதற்கு ஒரு வழி தெரிந்திருக்கும். ஒரே மூட்டை நெல்லை இரண்டு ஊருக்கும் கொண்டுபோய் அந்தந்த ஊர்ப் படியால் அளக்கச் சொன்னால் போதும். ஓரிடத்தில் இருபது படி, மற்றொன்றில் இருபத்தைந்து என்று வந்தால், வித்தியாசம் மூட்டையில் இல்லை, படியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதன்பிறகு எந்தக் கணக்கையும் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேரி கிங்கும், கிறிஸ்டோபர் மரே உள்ளிட்ட அவரது கூட்டாளிகளும் ஏறக்குறைய இதே யோசனையை 2004இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அரசியல் குரல்: "உங்களுக்கு அக்கறையுள்ள பிரச்சினைகளை அரசு கவனிக்கும்படி செய்வதில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது?" இந்தக் கேள்வியை மெக்ஸிகோவிலும் சீனாவிலும் கேட்டார்கள். மெக்ஸிகோவில் 2000ஆம் ஆண்டுத் தேர்தலில், 71 ஆண்டுகளாக ஆண்ட கட்சியை மக்கள் வாக்குச் சீட்டால் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சீனாவில் அப்படிப்பட்ட தேர்தலே கிடையாது. ஆனால் தங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று கூடுதலாகச் சொன்னவர்கள் சீனர்கள்.

இங்கே நின்றுவிட்டிருந்தால், சீனாவில்தான் மக்கள் குரல் ஓங்கி ஒலிக்கிறது என்று ஒரு தலைப்புச் செய்தி கிடைத்திருக்கும். கிங் குழுவினர் தங்கள் நெல் மூட்டையை அவிழ்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் சில குட்டிக் கதைகளைச் சொன்னார்கள். ஒரு கதையில் வரும் பெண்ணின் ஊரில் நல்ல தண்ணீர் இல்லை. அவளும் அண்டை அயலாரும், தண்ணீர் தருவதாக வாக்களித்த எதிர்க்கட்சி வேட்பாளரை ஆதரிக்கிறார்கள்; அவர் வெல்லப்போவது உறுதி என்ற நிலை. இன்னொரு கதையில் வரும் ஆணின் ஊரிலும் தண்ணீர் இல்லை. அவனுக்கு வாக்குரிமை இல்லை, அரசில் யாரும் தன்னைப் பொருட்படுத்துவதில்லை என்று உணர்கிறான், என்றைக்காவது விடியும் என்று மௌனமாகத் தவிக்கிறான். இவற்றுக்கு இடைப்பட்ட கதைகளும் உண்டு. பெயர்கள் மட்டும் அந்தந்த நாட்டுப் பெயர்களாக மாறும். கதையைக் கேட்டதும், "இவருடைய சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது?" என்று அதே அளவில் சொல்ல வேண்டும்.

இவற்றைத் தமிழில் அளவைக் கதைகள் எனலாம். கதை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால், அதற்குக் கொடுக்கும் மதிப்பில் வரும் வேறுபாடு அவரவர் மனத்திலுள்ள படியைக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தது. ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னதை, கதைமாந்தரைப் பற்றி அவரே சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சீனர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள், மௌனமாகத் தவிக்கும் அந்த மனிதனுக்கும் கீழே தங்களை வைத்திருந்தார்கள். மெக்ஸிகோவில் அப்படி வைத்தவர்கள் சிலரே. திருத்திய கணக்கில் வரிசை தலைகீழாக மாறியது. சிறிய சலுகையும் பெரிதாகத் தெரியும் இடத்தில் "ஓரளவு மதிப்பு உண்டு" என்று சொல்லக் கொஞ்சம் போதும். புதிதாக உரிமையைச் சுவைத்தவர்களுக்கு எதிர்பார்ப்பு உயர்ந்துவிடுகிறது. அவர்களின் படி பெரிதாகிவிடுகிறது. கேரளத்தாரின் நோய்க் கணக்கிலும் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. அதற்காக அதன் பலவீனத்தை மறைக்க முடியாது. இரண்டு நிபந்தனைகள் பொருந்தினால்தான் இது செல்லும். ஒன்று, கதைமாந்தரை அளக்கும் அதே படியால் ஒருவர் தன்னையும் அளக்க வேண்டும். பிறருக்குத் தாராளமும் தனக்குக் கறாரும் காட்டுபவரிடம் கணக்கு பிசகிவிடும். இரண்டு, கதையை எல்லா ஊராரும் ஒரேமாதிரி புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர்க் குழாய் இல்லாத வீட்டைப் பார்த்தேயிராத ஒருவருக்கும், தினமும் குடம் தூக்கும் ஒருவருக்கும் அந்தத் தண்ணீர்க் கதை ஒன்றாகவா கேட்கும்?

படி வேறுபடுவது ஒரு சிக்கல் என்றால், படியைப் பிடிக்கும் கை வேறுபடுவது இன்னொன்று. "முழுமையாக ஏற்கிறேன்" முதல் "முழுமையாக மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டங்களைக் கொடுத்தால், சிலர் ஓரக் கட்டங்களுக்கே போகிறார்கள். சிலர் நடுவிலேயே நிற்கிறார்கள். எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்று தலையாட்டுவோரும் உண்டு. கேள்வி எதுவானாலும் மாறாத இந்தப் பழக்கத்தை விடைப் பாணி என்கிறார்கள். நம் ஊரிலும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், நன்றாக வாழ்பவர்கூட "ஏதோ ஓடுது" என்பார். ரொம்ப நன்றாக இருக்கிறேன் என்று வாய்திறந்து சொல்வது கண்ணேறுக்கு அழைப்பு வைப்பது போலாகிவிடும் என்ற தயக்கம். அந்தப் பதிலை அப்படியே ஐந்துக்கு மூன்று என்று பதிந்துகொண்டால், தமிழர் நடுத்தர மகிழ்ச்சிக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

ஜப்பான், தைவான் மாணவர்கள் நடுக் கட்டத்தை விரும்புவதையும், அமெரிக்க மாணவர்கள் ஓரங்களுக்குப் போவதையும் 1990களில் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதற்கும் முன்பே, 1989இல், ஹாரி ஹூய், ஹாரி டிரியாண்டிஸ் இருவரும் அமெரிக்கக் கடற்படையினரிடம் ஓர் அழகான சோதனை செய்திருந்தார்கள். ஐந்து கட்ட அளவில் கேட்டால் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஓரங்களைத் தொட்டார்கள். அதையே பத்து கட்ட அளவில் கேட்டதும் அந்த வேறுபாடு மறைந்துபோனது. பண்பாட்டு வேறுபாடு என்று பேசப்பட்டதில் ஒரு பங்கு, தாளில் எத்தனை கட்டம் போட்டிருக்கிறோம் என்பதில் இருந்திருக்கிறது!

விடைப் பாணி பெரிய அளவில் என்ன செய்யும் என்பதைப் பள்ளிக் கணக்கெடுப்புகளில் பார்க்கலாம். உலகெங்கும் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா ஆய்வு, மதிப்பெண்ணோடு மனப்பான்மையையும் கேட்கிறது. எந்த ஒரு நாட்டுக்குள்ளும், அறிவியலிலும் கணக்கிலும் ஆர்வமும் தன்னம்பிக்கையும் உள்ள மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனால் நாடுகளின் சராசரிகளை எடுத்து வரிசைப்படுத்தினால் தொடர்பு திரும்பிவிடுகிறது. ஆர்வம் அதிகம் என்று சொல்லும் நாடுகள் மதிப்பெண்ணில் கீழே இருக்கின்றன. ஜப்பானும் கொரியாவும் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக்கொண்டே மதிப்பெண்ணில் உச்சியில் இருக்கின்றன.

2012 சுற்றில் பீசாவும் அளவைக் கதைகளைச் சேர்த்தது. ஓர் ஆசிரியர் ஒன்றுவிட்டு ஒருநாள் வீட்டுப்பாடம் கொடுக்கிறார், தேர்வுக்கு முன்பே தவறாமல் திருத்தித் தருகிறார். இன்னோர் ஆசிரியர் வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார், திருத்தித் தருவதே இல்லை. இவர்களுக்கு மாணவர்மீது அக்கறை உண்டா என்று கேட்டார்கள். அந்த விடைகளைக் கொண்டு ஆசிரியர் ஆதரவு பற்றிய கேள்விகளைத் திருத்தியபோது, நாடுகளுக்கிடையிலான தொடர்பு எதிர்பார்த்த திசைக்குத் திரும்பியது.

அறிவியல் எல்லா நேரமும் இப்படி ஒழுங்காக முடிவதில்லை. பொறுப்புணர்வு பற்றிய விவாதம் அதற்கு நல்ல சான்று. 2007இல் வெளிவந்த, 56 நாடுகளை உள்ளடக்கிய ஆளுமை ஆய்வில், "நான் ஒழுங்கானவன், சொன்ன வேலையை முடிப்பவன்" என்று தம்மைப் பற்றிச் சொன்னவர்களின் வரிசையில் ஜப்பான் அடிமட்டத்தில் இருந்தது. ரயில் ஒரு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்கும் நாடு! ஸ்டீவன் ஹைனும் அவரது குழுவினரும் இதைச் சோதிக்க, வாய்ச்சொல்லை விட்டுவிட்டு வெளியே தெரியும் நடத்தையைத் தேடினார்கள். ராபர்ட் லெவீன் ஏற்கெனவே 31 நாடுகளில் வாழ்க்கை வேகத்தை அளந்து வைத்திருந்தார்: பொது இடத்துக் கடிகாரங்கள் எவ்வளவு சரியாக ஓடுகின்றன, அஞ்சலகத்தில் ஒரு வில்லை வாங்க எவ்வளவு நேரமாகிறது, மக்கள் எவ்வளவு விரைவாக நடக்கிறார்கள் என்று. கடிகாரம் சரியாக ஓடும் நாடுகளில்தான் மக்கள் தம்மைப் பொறுப்பற்றவர்களாகச் சொல்லிக்கொள்ளும் போக்கு இருந்தது.

ஹைன் தந்த விளக்கம் ஒப்பீட்டு வட்டம். நான் ஒழுங்கானவனா என்று கேட்டால் நான் உலகத்தோடு என்னை ஒப்பிடுவதில்லை, என் தெருவோடு ஒப்பிடுகிறேன். எல்லோரும் நேரந்தவறாத தெருவில் இரண்டு நிமிடம் பிந்துபவன் சோம்பேறி. அருமையான விளக்கம். ஆனால் 2012இல் வேறொரு குழு 21 நாடுகளில் 30 அளவைக் கதைகளைக் கொண்டு இதே பண்பை அளந்தபோது, கதைமாந்தரை எல்லா நாட்டாரும் ஏறக்குறைய ஒரேமாதிரிதான் மதிப்பிட்டார்கள். திருத்தியபின்னும் நாடுகளின் வரிசை பெரிதாக மாறவில்லை. ஓரக் கட்டங்களுக்குப் போகும் பழக்கத்தைக் கணக்கில் எடுத்தபோதுதான் புதிரின் ஒரு பகுதி அவிழ்ந்தது. முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை.

சில வேளைகளில் படியும் சரி, கையும் சரி; அளக்கும் பொருளே ஊருக்கு ஊர் மாறிவிடுகிறது. "பொதுவாகச் சொன்னால், பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, அல்லது மனிதர்களோடு பழகுவதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டுமா?" என்பது சமூகவியலின் மிகப் புகழ்பெற்ற கேள்விகளில் ஒன்று. ஸ்வீடனிலும் நார்வேயிலும் பத்தில் ஆறேழு பேர் நம்பலாம் என்கிறார்கள். பிரேசிலிலும் கொலம்பியாவிலும் அண்மைக் கணக்குகளில் பத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. சீனாவிலோ பாதிப்பேருக்கு மேல் நம்பலாம் என்கிறார்கள். பொருளாதார வளர்ச்சி, மக்களாட்சி, ஊழல் ஆகியவற்றை இந்த ஒற்றைக் கேள்வியோடு முடிச்சுப் போட்ட ஆய்வுகள் ஏராளம்.

யான் டெல்ஹையும் கூட்டாளிகளும் 2011இல் எளிமையான ஒரு கேள்வியை எழுப்பினார்கள். "பெரும்பாலான மனிதர்கள்" என்றதும் பதில் சொல்பவரின் மனக்கண்ணில் யார் வருகிறார்கள்? குடும்பத்தினர், அண்டைவீட்டார், நேரில் தெரிந்தவர், முதன்முறை சந்திப்பவர், வேறு மதத்தவர், வேறு நாட்டவர் என ஆறு வகையினரை எவ்வளவு நம்புகிறார்கள் என்ற விடைகள் 51 நாடுகளிலிருந்து அவர்கள் கையில் இருந்தன. "பெரும்பாலான மனிதர்" கேள்விக்கான விடை எந்த வகையினர்மீதான நம்பிக்கையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். செல்வ நாடுகளில் அது அறிமுகமில்லாதவர்களையும் உள்ளடக்கி விரிந்திருந்தது. சீனா, தென்கொரியா போன்ற கன்பூசிய மரபு நாடுகளில் அது தெரிந்தவர்களோடு சுருங்கியிருந்தது. இதற்கு நம்பிக்கையின் ஆரம் என்று பெயர். ஆரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதும் சீனா வரிசையில் வெகுவாக இறங்கியது. சீனர்கள் நம்பத்தகாதவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. செல்வ நாட்டாரும் சீனரும் நேர்மையாகப் பதில் சொன்னார்கள். ஆனால் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு.

இனி, கேட்பவர் யார் என்பதும் பதிலில் கலந்துவிடும். லிசா பிளேய்ட்ஸ், ரேச்சல் கில்லம் இருவரும் கெய்ரோவில் பெண்களிடம் நடத்திய ஆய்வில், கேள்வி கேட்கப் போகும் பெண் தலைமுக்காடு அணிந்திருப்பாரா இல்லையா என்பதைத் தற்செயல் முறையில் தீர்மானித்தார்கள். முக்காடு அணிந்தவரிடம் பதிலளித்த முஸ்லிம் பெண்கள் தம்மை இன்னும் பக்தியுள்ளவர்களாகச் சொன்னார்கள். இளையவர்களிடமும் ஏழைகளிடமும் குறைவாகப் படித்தவர்களிடமும் இந்த விளைவு அதிகம். எழுதியிருந்த கேள்வியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு, நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் எண்ணைப் பார்க்கலாம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, ஏழு காரணங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்காகவும் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டது. சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, சரியாகச் சமைக்காதது, மாமனார் மாமியாரை மதிக்காதது என்று நீளும் பட்டியல். ஏதாவது ஒரு காரணத்துக்காவது நியாயம் என்ற பெண்கள் இந்திய அளவில் 45 விழுக்காடு. தெலங்கானாவில் 84, இமாச்சலப் பிரதேசத்தில் 15. தமிழ்நாடும் மேல் வரிசையில்தான் இருக்கிறது. பெண் கல்வியில் முன்னேறிய தென்மாநிலப் பெண்களா இப்படி என்று பலரும் அதிர்ந்தார்கள்.

ஏழில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்தப் பெண் கணக்கில் சேர்ந்துவிடுவாள் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். அடுத்து, அவள் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாள்? வங்கதேசக் கிராமங்களில் இதே வகைக் கேள்விகளைப் பற்றி சிட்னி ஷூலரும் கூட்டாளிகளும் பெண்களிடம் துருவிக் கேட்டு 2011இல் எழுதினார்கள். பதில் சொன்ன பிறகு, "என்ன நினைத்து அப்படிச் சொன்னீர்கள்?" என்று விசாரிக்கும் இந்த முறையை அறிதல் நேர்காணல் எனலாம். சில பெண்கள் தங்கள் கருத்தைச் சொல்லவில்லை, ஊர் எதை ஏற்றுக்கொள்ளும் என்பதையே சொல்லியிருந்தார்கள். மனைவி வேண்டுமென்று செய்தாளா, முடியாமல் விட்டாளா என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறியது. கேள்வித்தாளில் அதற்கு இடமே இல்லை. அலெக்சாண்டர் சாய் குழுவினர் 2017இல் வெளியிட்ட உகாண்டா ஆய்வில் இதையே சோதனையாகச் செய்தார்கள். சிலருக்கு வழக்கமான கேள்வி. சிலருக்கு மனைவி வேண்டுமென்றே செய்தாள் என்ற கதை. சிலருக்குத் தன் கையில் இல்லாத காரணத்தால் நேர்ந்தது என்ற கதை. யாருக்கு எது என்பது குலுக்கல் போலத் தற்செயலாக. வேண்டுமென்றே என்ற கதையில் அடியை நியாயப்படுத்தியவர்கள் கூடினார்கள், மற்றதில் குறைந்தார்கள்.

இதையெல்லாம் காட்டி, தெலங்கானாவின் 84 வெறும் மாயை என்று ஒதுக்குவது பெருந்தவறு. அதே கணக்கெடுப்பில், கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் கர்நாடகத்தில் 44 விழுக்காடு; நாட்டிலேயே அதிகம். அங்கே அடியை நியாயம் என்றவர்களும் 77 விழுக்காடு. இமாச்சலத்தில் இரண்டு எண்களுமே மிகக் குறைவு. எண்கள் வெறுங்காற்றைப் பிடிக்கவில்லை. ஆனால் கேரளம் இடிக்கிறது: பாதிப்பேருக்கு மேல் நியாயம் என்கிறார்கள், அனுபவித்ததாகச் சொல்பவர் பத்தில் ஒருவர். அங்கே அடி உண்மையிலேயே குறைவா, சொல்வது குறைவா, அல்லது "நியாயம்" என்ற பதிலுக்குப் பின்னால் வேறொரு நினைப்பு இருக்கிறதா என்பதை இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

சொல்ல வைக்க வழியிருக்கிறது. ஐந்தாம் சுற்றில் 7,24,115 பெண்களிடம் பேசியிருக்கிறார்கள். மனப்பான்மைக் கேள்விகளை அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் கேட்டார்கள். அந்தப் பகுதியிலும் ஒரு சிறு கூறுக்கு, வேண்டுமென்றே செய்தவள், முடியாமல் விட்டவள் என்ற இரண்டு கதைகளையும் தற்செயலாகப் பிரித்துக் கொடுக்கலாம். "உங்கள் கருத்து என்ன?" என்பதோடு "உங்கள் ஊரில் பெரும்பாலோர் என்ன சொல்வார்கள்?" என்பதையும் தனியே கேட்கலாம். ஒரு வீட்டில் கூடுதலாக ஆகப்போவது சில நிமிடங்கள். உகாண்டாவின் ஒரு கிராமப்புறத்தில் செய்ய முடிந்ததை, ஏழு லட்சம் பெண்களிடம் பேசத் தெரிந்த நம் கணக்கெடுப்பு இனி நடக்கும் சுற்றிலேயே செய்ய வேண்டும்.